துப்பாக்கிய மாத்துறதுக்கு முன்னாடி குண்ட மாத்தி பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஆற்காட்டுல இருந்து ஒரு அப்பா எழுதியிருந்தாரு. பையன் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுறானாம், ஸ்கோர் ஏறவே மாட்டேங்குதாம், யார கேட்டாலும் ரைபிள் பழசு, வெளிநாட்டு புது ரைபிள் வாங்குங்கன்னு சொல்றாங்களாம், லட்சக்கணக்குல பணத்துக்கு எங்க போறது, இது பணக்காரங்க விளையாட்டு போலன்னு மனசு ஒடிஞ்சு எழுதியிருந்தாரு. அத படிச்சதுல இருந்து எனக்கு அதே நெனப்பு தான், ஏன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதே இடத்துல தான் நின்னேன், வீட்டுக்காரம்மா கழுத்துல இருக்குறத பேங்க்ல வைக்கலாமான்னு பேச்சு வரைக்கும் போயிடுச்சு. அந்த அப்பாவுக்கும் அவர மாதிரி தவிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்லணும். இப்போதைக்கு ரைபிள மாத்தாதீங்க. முதல்ல அதுக்குள்ள போடுற பெல்லட்ட, அதாவது சின்ன ஈய குண்ட, மாத்தி மாத்தி சுட்டு, அளந்து, நோட்டுல எழுதி பாருங்க. அதுக்கு அப்புறமும் சரியா வரலன்னா ரைபிள் பத்தி யோசிக்கலாம்.

நான் குடியாத்தம். காட்பாடியில ஒரு பட்டறையில 22 வருஷமா லேத் ஓட்டுறேன். எங்க பொண்ணு பதினொண்ணாவது படிக்குது. எட்டாவது படிக்கும்போது ஒரு கேம்ப்ல ரைபிள தோள்ல வச்சு பாத்தது தான், அதுக்கப்புறம் அதுக்கு வேற எதுலயும் மனசு போகல. கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக்ல சுட்டாங்க இல்ல, அவங்க போட்டோவ பேப்பர்ல இருந்து வெட்டி பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்கு. அத பாத்து பாத்து தான் ஒரு சீனியர் ஷூட்டர் கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு மேட்ச் ரைபிள் வாங்கி குடுத்தேன், சிலிண்டர்ல 200 பார் அழுத்தம் வரைக்கும் காத்து ரொப்புற டைப்பு. ஒரு மேட்ச்சுக்கு 60 குண்டு, ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, எல்லாமே நடுவுல போனா 654. எங்க பொண்ணு 598, 600, 602ன்னு அங்கயே சுத்திக்கிட்டு இருந்துச்சு, எட்டு மாசம். காலைல அஞ்சு மணிக்கு எழுந்து செவுத்துல ஒரு புள்ளி வச்சு காலி ரைபிள புடிச்சு நிக்கும், கை நடுங்குறது கொறஞ்சுது, மூச்சு கட்டுப்பாடு வந்துச்சு, ஆனா ஸ்கோர் மட்டும் அசையல. ஒரு கோச் வந்து பாத்துட்டு பேரல், அதாவது குண்டு போற குழாய், தேஞ்சு போச்சு, ரைபிள மாத்திடுங்கன்னு சொல்லிட்டாரு.

எனக்கு அந்த இடத்துல தான் சந்தேகம் வந்துச்சு. நான் பொழுதன்னிக்கும் இரும்ப செதுக்குறவன். ஈயம் மாதிரி நகத்தால கீறுனா கோடு விழுற குண்டு, அதுவும் வெறும் காத்து தள்ளி போறது, அதுல போயி எஃகு பேரல் அவ்ளோ சீக்கிரம் தேயுமா? அப்ப கோளாறு வேற எங்கயோ இருக்கணும். டின்ன தொறந்து ஒரு பெல்லட்ட கையில எடுத்து மொத தடவையா உத்து பாத்தேன்.

பாக்காதவங்களுக்கு சொல்றேன், பெல்லட் பாக்குறதுக்கு உடுக்கை மாதிரி இருக்கும். முன்னாடி தல, நடுவுல இடுப்பு ஒடுங்கி இருக்கும், பின்னாடி பாவாட மாதிரி விரிஞ்சு உள்ள குழியா இருக்கும். காத்து பின்னாடி இருந்து அடிக்கும்போது அந்த பாவாட விரிஞ்சு பேரலோட ஒட்டிக்கும், காத்து கசியாது. தல பேரலுக்குள்ள இருக்குற திருகு வரியில ஒரசிக்கிட்டு போயி சுழலும், அந்த சுழற்சி தான் அத நேரா கொண்டு போவுது. வெளிய வந்த பிறகு தல கனம் முன்னாடி, பின்பக்கம் லேசு, அதனால ஷட்டில்காக் மாதிரி தல முன்னாடி வச்சு பறக்கும். பத்து மீட்டர் போட்டிக்கு தல தட்டையா இருக்குறது தான் போடுவாங்க, ஏன்னா அது பேப்பர்ல பஞ்ச் மிஷின் போட்ட மாதிரி வட்டமா சுத்தமா ஓட்ட போடும், எண்ண ஈஸி. தூரம் கூடுனா தட்டை தல தள்ளாட ஆரம்பிச்சுடும், அதுக்கு உருண்ட தல தான் சரி. கூர்மையா ஊசி மாதிரி வர்றது பாக்க பயங்கரமா இருக்கும், ஆனா முனை கொஞ்சம் கோணலா அமைஞ்சாலும் போற வழி மாறிடும், குறி பாத்து சுடுறவங்க அத தேடி போக மாட்டாங்க.

இதுல என்னை ஆட்டி வச்ச விஷயம் என்னன்னா, நல்ல மேட்ச் பெல்லட் டின் மேல தல அளவு போட்டிருப்பான். 4.49, 4.50, 4.51 அப்படின்னு. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல 0.01 மில்லிமீட்டர், அதாவது பத்து மைக்ரான். வெளியில இருக்குறவங்களுக்கு அது ஒண்ணுமே இல்ல. லேத்துல நிக்கிற எனக்கு தெரியும் பத்து மைக்ரான்னா என்னன்னு. ஷாஃப்ட்ட பேரிங்குல ஏத்தும்போது பத்து மைக்ரான் கூடுனா சுத்தியல் கேக்கும், பத்து மைக்ரான் கொறஞ்சா லொடலொடன்னு ஆடும். ஒவ்வொரு பேரலும் ஒவ்வொரு மாதிரி கடைஞ்சிருக்கும், ஒரே கம்பெனி ஒரே மாடல்லயும் கூட. அப்ப அந்த பேரலுக்குள்ள எந்த தல சரியா உக்காரும்னு யாரு சொல்ல முடியும்? சுட்டு பாத்தா தான் தெரியும். இத்தன மாசமா நாங்க கடைக்காரர் என்ன எடுத்து குடுத்தாரோ அத தான் போட்டுக்கிட்டு இருந்தோம்.

சரின்னு நாலு டின் வாங்கி வந்து டெஸ்ட் பண்ணேன், அத முழுக்க தப்பா பண்ணேன், அத மறைக்காம சொல்றேன் ஏன்னா எல்லாரும் இதே தப்ப தான் பண்ணுவாங்க. ஒரு டின்ல அஞ்சு குண்டு சுட சொன்னேன், அடுத்த டின்ல அஞ்சு, அடுத்ததுல அஞ்சு. எது கருப்பு வட்டத்துக்கு நடுவுல விழுதோ அது நல்ல பெல்லட், எது ஓரம் போகுதோ அது மோசம்னு முடிவு பண்ணி ஒரு டின்ன தூக்கி அலமாரி மேல போட்டுட்டேன். ரெண்டு தப்பு. ஒண்ணு, ஒரு பெல்லட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறும்போது பேரலுக்குள்ள பழைய பெல்லட்டோட ஈயப்பூச்சு, அதோட எண்ணெ பசை எல்லாம் ஒட்டியிருக்கும், புதுசு பத்து பதினஞ்சு போன பிறகு தான் நிலைக்கு வரும், அந்த மொத அஞ்ச வச்சு தீர்ப்பு சொல்ல கூடாது. ரெண்டாவது தப்பு தான் பெரிய தப்பு.

அது எப்படி புரிஞ்சுதுன்னு சொல்றேன். எங்க ஊர்ல வைகாசி ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா, சுத்துப்பட்டு சனம் எல்லாம் வரும், வடாற்காட்டுக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அங்க பலூன் சுடுற கடை இருக்கும் இல்ல, பலகையில வரிசையா பலூன் கட்டி, பேரல ஒடிச்சு ரவை போட்டு சுடுற துப்பாக்கி. அந்த துப்பாக்கியில குறி பாக்குற சைட்டு எப்பவும் நேரா இருக்காது. சின்ன வயசுல நான் மொத ரெண்டு குண்டு விட்டுட்டு, ஓஹோ இது எடப்பக்கம் ஒரு ஜாண் தள்ளி அடிக்குதுன்னு பாத்து, அப்புறம் பலூனுக்கு வலப்பக்கம் குறி வச்சா டப்பு டப்புன்னு வரிசையா ஒடையும். அந்த வருஷம் திருவிழாவுல பொண்ணு அப்படி தான் சுட்டு ஒடைச்சுக்கிட்டு இருந்துச்சு, நான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன், அப்ப தான் சுரீர்னு பட்டுச்சு. துப்பாக்கி தள்ளி அடிச்சா பரவால்ல, ஒவ்வொரு தடவையும் அதே அளவு தள்ளி அடிக்குதா அது தான் கேள்வி. தள்ளி அடிக்கிறத சைட்ட ரெண்டு கிளிக் திருப்பி சரி பண்ணிடலாம். ஒரு தடவ இங்க ஒரு தடவ அங்கன்னு செதறுனா அத எந்த சைட்டாலயும் சரி பண்ண முடியாது. பெல்லட் டெஸ்ட்ல பாக்க வேண்டியது நடுவுல விழுதான்னு இல்ல, எத்தன குண்டும் எவ்ளோ நெருக்கமா ஒரே கொத்தா விழுதுன்னு. குரூப்புன்னு சொல்றாங்களே அது. வேற வேற பெல்லட் வேற வேற எடத்துல தான் விழும், வெயிட்டு மாறுது வேகம் மாறுது. டெஸ்ட் முடியுற வரைக்கும் சைட்ட தொடவே கூடாது.

அதுக்கு அப்புறம் ஒழுங்கா ஏற்பாடு பண்ணேன். எங்க தாத்தா காலத்து தறி கொட்டாய் ஒண்ணு வீட்டுக்கு பின்னாடி பூட்டி கெடக்குது, லுங்கி நெஞ்ச எடம், தறி எல்லாம் போயி பள்ளம் மட்டும் இருக்கு. நீளம் நாப்பது அடி, பத்து மீட்டர்ங்கிறது 33 அடிக்கு கொஞ்சம் கம்மி, தாராளமா போதும், உள்ள காத்து அடிக்காது. ஒரு பக்கம் கனமான மேசை போட்டு அதுல பொருள இறுக்கி புடிக்கிற பெஞ்ச் வைஸ் ஒண்ணு போல்ட் போட்டு இறுக்குனேன். வைஸ் வாய்ல பேரணாம்பட்டு டேனரியில வேலை செய்ற தம்பி குடுத்த தடி தோல் துண்டு ரெண்டு வச்சு ரைபிளோட கட்டைய புடிக்க வச்சேன், கட்டைய தான் புடிக்கணும், பேரல புடிச்சா அது வளைஞ்சு கணக்கே தப்பா போயிடும். அந்த பக்கம் மரப்பெட்டியில மணல் ரொப்பி அதுக்கு முன்னாடி அட்டை. அட்டைக்கு நான் எங்க போனேன்னா வீட்டுல சேந்து போன கல்யாண பத்திரிகைங்க, தடி அட்டையா இருக்கும், பின்பக்கம் வெள்ளை, குண்டு பட்டா ஓட்ட கிழியாம வட்டமா விழும். சாதா பேப்பர்னா ஓரம் கிழிஞ்சு அளவே எடுக்க முடியாது.

இந்த தடவ ஆறு டின். சிலது மத்த வீடுங்கள்ல இருந்து கடன் வாங்குனது, அத பத்தி கீழ சொல்றேன். பெல்லட்ட ஆறு குங்கும டப்பாவுல போட்டு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் மட்டும் ஒட்டிட்டேன், எது எந்த கம்பெனின்னு பொண்ணுக்கு தெரியாது. அதுவே சொல்லிச்சு, "அப்பா நீ பேர சொல்லாத, தெரிஞ்சா எனக்கு வெல ஜாஸ்தியா இருக்குறத நல்லா சுடணும்னு தோணும்"னு. ஒவ்வொரு டப்பாவுக்கும் மாறும்போது பதினஞ்சு குண்ட சும்மா மணல்ல விட்டோம், அதுக்கு அப்புறம் பத்து பத்தா மூணு குரூப்பு. அஞ்சு குண்டு குரூப்ப நம்பாதீங்க, அஞ்சு குண்டு அதிர்ஷ்டத்துல ஒண்ணா விழுந்துடும், பத்து விழாது. வரிசையும் மாத்தணும், மொத ரவுண்டு ஒண்ணுல இருந்து ஆறு, அடுத்த ரவுண்டு ஆறுல இருந்து ஒண்ணு, இல்லன்னா கடைசி டப்பாவுக்கு வரும்போது சிலிண்டர்ல காத்து எறங்கியிருக்கும், அந்த பழி பாவம் அந்த பெல்லட் மேல விழும். நாங்க ஒவ்வொரு ரவுண்டுக்கும் காத்து அளவு பாத்து ரொப்பிக்கிட்டோம். கத்திரி வெயில், மேல ஷீட்டு, கொட்டாய்க்குள்ள அடுப்பு மாதிரி இருந்துச்சு, காலைல ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் தான் நிக்க முடிஞ்சுது, அப்படி நாலு நாள்.

அளக்குறது சுலபம். ஒரு குரூப்புல ரொம்ப தள்ளி இருக்குற ரெண்டு ஓட்டைய எடுத்து அதோட வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் வரைக்கும் வெர்னியர்ல (நுணுக்கமா அளக்குற கருவி) அளந்து அதுல 4.5 மில்லிமீட்டர கழிச்சுடணும், குண்டோட அளவு அது, மிச்சம் இருக்குறது மையத்துல இருந்து மையம். உருண்ட தல பெல்லட்டுக்கு மட்டும் ஓட்ட குண்ட விட சின்னதா விழும், அதுக்கு தனியா ஒரு ஓட்டைய அளந்து அத கழிக்கணும்.

இப்ப நோட்ட பாத்து எழுதுறேன். நாங்க எட்டு மாசமா போட்டுக்கிட்டு இருந்தது ஒண்ணாம் நம்பர் டப்பா: 4.2, 3.9, 4.4 (எல்லாமே மில்லிமீட்டர்). இருக்குறதுலயே வெல ஜாஸ்தி மூணாம் நம்பர்: 3.1, 3.3, 2.9. அஞ்சாம் நம்பர்: 2.1, 1.8, 2.2. நானும் பொண்ணும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அஞ்சாம் நம்பர் எதுன்னு டப்பாவ தொறந்து சீட்டு பாத்தா, மொத டெஸ்ட்ல நான் மோசம்னு அலமாரி மேல தூக்கி போட்டேனே அதே டின். இன்னொண்ணு, ஆறாம் நம்பரும் அதே கம்பெனி அதே மாடல் தான், தல அளவு மட்டும் ஒரு படி கூட, அது 3.4, 3.6, 3.4. பத்து மைக்ரானுக்கு இவ்ளோ. நான் அந்த அட்டைய பட்டறைக்கு எடுத்துட்டு போயி கூட வேலை செய்றவங்க கிட்ட காட்டுனேன், லேத்துல நிக்கிறவங்களுக்கு விளக்கவே தேவைப்படல.

இது ஸ்கோர்ல எவ்ளோன்னு கேப்பீங்க. பத்து மீட்டர் டார்கெட்ல பத்துங்கிறது ஒரு சின்ன வெள்ள புள்ளி, குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர். குண்டோட மையம் நடுவுல இருந்து 0.25 மில்லிமீட்டர் தள்ள தள்ள 0.1 பாயிண்ட் 0.1 பாயிண்ட்டா கொறையும், அதாவது 10.9, 10.8, 10.7ன்னு. சராசரியா ஒவ்வொரு குண்டும் கால் மில்லிமீட்டர் உள்ள வந்தா போதும், ஒரு குண்டுக்கு 0.1, அறுவது குண்டுக்கு 6. சுடுறவங்க கை ஆட்டமும் அதுல சேரும், அதனால பேப்பர்ல போட்ட கணக்கு அப்படியே வராது. ஆனா எங்க பொண்ணுக்கு அடுத்த மூணு மாசத்துல 605, 607, 606ன்னு வந்துச்சு, அதே ரைபிள், அதே ஜாக்கெட், அதே காலை அஞ்சு மணி. அது மட்டுமில்ல, நல்லா சுட்டும் குண்டு ஓரம் போனா புள்ளைங்களுக்கு தன் மேலயே நம்பிக்கை போயிடுது சார், நான் தான் தப்பு பண்றேன்னு நெனச்சு சரியா இருக்குறதையும் மாத்த ஆரம்பிச்சுடுது. எட்டு மாசம் எங்க பொண்ணு நிக்கிற ஸ்டைல மூணு தடவ மாத்துச்சு. தப்பு அது மேல இல்லவே இல்ல. அத நெனச்சா இன்னும் வயித்த கலக்குது.

எந்த கம்பெனி ஜெயிச்சுதுன்னு நான் இங்க எழுதல, வேணும்னு தான் எழுதல. எழுதுனா நாளைக்கு நாலு பேரு அதே டின்ன வாங்குவாங்க, அவங்க பேரலுக்கு அது ஒண்ணாம் நம்பர் டப்பாவா கூட இருக்கலாம். ஜெர்மனியில இருந்தும் செக் நாட்டுல இருந்தும் வர்ற நல்ல மேட்ச் பெல்லட் எல்லாமே ஒழுங்கா செஞ்சது தான், உங்க ரைபிளுக்கு எது பொருந்துதுன்னு தான் கேள்வி. இத நிரூபிக்க என்கிட்ட இன்னொரு துப்பாக்கியே இருக்கு, பேரல ஒடிச்சு போடுற பழைய ஸ்பிரிங் ஏர் கன். பொண்ணோட ரைபிள்ல ரெண்டு மில்லிமீட்டர்ல கொத்தா விழுந்த அதே அஞ்சாம் நம்பர் இதுல 24 மில்லிமீட்டர் செதறுச்சு, கொஞ்சம் கனமான உருண்ட தல பெல்லட் ஒண்ணு 13ல நின்னுச்சு. ஒரே கொட்டாய், ஒரே ஆளு. ஸ்பிரிங் துப்பாக்கி வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிக்கணும், அத வைஸ்ல இறுக்கவே கூடாது. பிஸ்டன் முன்னாடி பாயும்போது துப்பாக்கி பின்னாடி ஒதைக்கும், பிஸ்டன் போயி முட்டும்போது முன்னாடி ஒதைக்கும், குண்டு பேரல விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே இது நடக்குது. இறுக்கி புடிச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி துள்ளும். உள்ளங்கைய விரிச்சு அது மேல சும்மா படுக்க வச்ச மாதிரி புடிச்சு, அது இஷ்டத்துக்கு துள்ள விட்டா தான் ஒரே எடத்துல அடிக்கும். குண்டு போடாம காலியா சுடவும் கூடாது, ஸ்பிரிங்கும் சீலும் வீணாயிடும்.

பெல்லட்ட எடை போட்டு பிரிக்கிறது பத்தியும் சொல்லிடுறேன். எங்க தெருவுல நகை பட்டறை வச்சிருக்குற ஆசாரி கிட்ட போயி அவர் தராசுல ஒவ்வொண்ணா வச்சேன். மேட்ச் பெல்லட் 0.53 கிராம், அவங்க பாஷையில 530 மில்லி. நல்ல டின்ல எல்லாம் அஞ்சு மில்லிக்குள்ள நின்னுச்சு. பலூன் கடைக்கு வாங்குற மாதிரி ஒரு சில்லறை பாக்கெட் வச்சோம், 496ல இருந்து 541 வரைக்கும் ஓடுச்சு. ஆசாரி கண்ணாடிய தூக்கி விட்டுக்கிட்டு, "இன்னாபா இது, ஒண்ணுக்கொண்ணு இவ்ளோ வித்தியாசமா கீது, நான் இப்படி மணி உருட்டுனா கடைக்காரன் மூஞ்சியில எறிவான்"னாரு. ஆனா நல்ல டின்ன ஒவ்வொண்ணா எடை போட்டு பிரிச்சு சுட்டு பாத்ததுல எங்களுக்கு அளந்து சொல்ற அளவுக்கு வித்தியாசம் தெரியல, அதுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க உக்கார தேவையில்ல. அத விட பெரிய பலன் கண்ணால பாக்குறதுல. பின்பக்க பாவாட நசுங்கி இருக்கா, தலையில பிசிறு இருக்கா, அத பொறுக்கி எடுத்துடணும். கண்ணாடி துண்ட லேசா சாய்ச்சு வச்சு உருட்டுனா ஒரே மாதிரி இருக்குறது எல்லாம் ஒரே வளைவுல உருளும், கோணலா இருக்குறது மட்டும் தனியா வேற பக்கம் ஓடும், எங்க சின்ன பையனே அத பாத்து பாத்து பொறுக்கிடுவான். டின்ன கீழ போட்டுட்டா அந்த டின்ன போட்டிக்கு வைக்காதீங்க, ஈயம் மெத்துனு இருக்கு, ஒண்ணோட ஒண்ணு முட்டி நசுங்கியிருக்கும்.

இதுல முக்கியமான ஒண்ணு, ஈயம் விஷம். புள்ளைங்க மூளைக்கு ஆகாது. சில பசங்க லோடு பண்ண வசதின்னு பெல்லட்ட ஒதட்டுல வச்சுக்கிட்டு சுடுறத பாத்திருக்கேன், தயவு செஞ்சு அத தடுங்க. சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவாம முறுக்கு கூட எடுக்க விடாதீங்க. மணல் பெட்டிக்கு பின்னாடி செவுரு இருக்கணும், பக்கத்துல யாரும் நடமாட கூடாது, கண்ணாடி போட்டுக்கணும். சைக்கிள் பால்ரஸ எடுத்து போட்டு பாக்குற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, அது இரும்பு, பேரல் வரிய அறுத்துடும். அப்புறம் ஏரிக்கரையில கொக்கு, மைனான்னு குறி வைக்கிறவங்களுக்கும் சேத்தே சொல்றேன், 0.177 இன்ச் அளவு, குண்டோட சக்தி 20 ஜூலுக்கு மேல போகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேணாம்னு தான் சட்டம் இருக்கு, ஆனா பறவைய அடிக்கலாம்னு எந்த சட்டமும் சொல்லல, 1972ல வந்த வன உயிரின பாதுகாப்பு சட்டம் அப்படியே தான் நிக்குது. அந்த மாதிரி ஒருத்தர் பண்றதால தான் ரைபிள் பைய தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற எங்க பொண்ண ஊரே ஒரு மாதிரி பாக்குது.

இப்ப கடன் வாங்குன கதை. பெல்லட் டெஸ்ட் பண்ண எல்லாருக்கும் தடை எது தெரியுமா, டின்னு. ஒரு டின்னுல 500 இருக்கும், எது பொருந்தும்னு தெரியாம ஆறு டின் யாரு வாங்குவா? நான் சென்னையில ஒரு கடையில போயி ஒவ்வொண்ணுலயும் அம்பது அம்பது குடுங்கன்னு கேட்டேன், டின்ன ஒடைச்சு தர மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரைபிள் வேணும்னா தவணையில தரேன்னாங்க. லட்ச ரூபா பொருளுக்கு தவணை தர்ற கடை அம்பது குண்டு சில்லறைக்கு தர மாட்டேங்குது. நாங்க என்ன பண்ணோம்னா வேலூர்ல கூட பிராக்டிஸ் பண்ற நாலு புள்ளைங்களோட அப்பா அம்மாவும் நாங்களும் பேசி வச்சு ஆளுக்கு ஒரு வகை வாங்குனோம், ஒருத்தங்க ரெண்டு வாங்குனாங்க, ஆளுக்கு கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுக்கிட்டோம். ஒவ்வொரு வீட்டுலயும் வேற வேற நம்பர் ஜெயிச்சுது. ஒரு வீட்டுல எங்களுக்கு தோத்துப்போன ஒண்ணாம் நம்பர் தான் ஜெயிச்சுது, எங்க மிச்ச டின்ன அவங்களுக்கே குடுத்துட்டேன், அவங்க கிட்ட இருந்த அஞ்சாம் நம்பர நாங்க எடுத்துக்கிட்டோம். பொருந்துற டின் கெடச்சதும் அதுக்கு பின்னாடி இருக்குற லாட் நம்பர (ஒரே தடவையில செஞ்ச சரக்குக்கு போடுற நம்பர்) எழுதி வச்சுக்கிட்டு அதே லாட்ல முடிஞ்ச அளவு வாங்கி வச்சுடணும், அதே பேர்ல அடுத்த லாட் வந்தா திரும்பவும் ரெண்டு குரூப்பு சுட்டு பாக்கணும்.

2019ல நம்ம மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணா பிரிஞ்சுது. மூணு மாவட்டத்துலயும் சுடுற புள்ளைங்க சிதறி கெடக்குறாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. விளையாட்டு அதிகாரிங்க இத படிச்சா என் வேண்டுகோள் இது தான், மாவட்டத்துக்கு ஒரு எடத்துல ஒரு கனமான மேசை, ஒரு வைஸ், ஒரு வெர்னியர், பத்து வகை பெல்லட் வச்சுடுங்க, வருஷத்துக்கு ரெண்டு நாள் தொறந்து விடுங்க. மேசையும் வைஸும் நான் செஞ்சு தரேன், கூலி வேணாம். உங்க விளையாட்டு பக்கத்துலயும் மெடல் வாங்குன போட்டோ மட்டும் இல்லாம இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு கால் பக்கம் எடம் குடுங்க.

அந்த ஆற்காட்டு அப்பாவுக்கு, உங்க ஊர் பேரு தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. என் போன் நம்பர இந்த கடிதத்தோட தனி சீட்டுல எழுதி பத்திரிகை ஆபீஸுக்கு அனுப்பியிருக்கேன், பேப்பர்ல போட வேணாம், நீங்க கேட்டா அவங்க தரட்டும். எங்க கொட்டாய்ல வைஸ் இன்னும் கழட்டல, வேற வேற வகை பெல்லட்டும் மிச்சம் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை பையனையும் ரைபிளையும் கூட்டிட்டு காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுடலாம். கல்யாண பத்திரிகை மட்டும் உங்க வீட்டுல இருந்தா எடுத்துட்டு வாங்க, எங்க வீட்டுது தீந்து போச்சு.

இப்படிக்கு,
லேத் பட்டறை தொழிலாளி ஒருவர்,
குடியாத்தம்.